ஈஸ்ட் இன்வர்ட்டேஸ்: சர்க்கரை போர்த்திய நொதியைத் தனியாகப் பிரிப்பது

எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்யும் மாணவர் ஒருவர் கேட்டது இது: "கடையில் வாங்கிய உலர் ஈஸ்ட்டை ஊறவைத்து, மணலோடு அரைத்து, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, ஓரளவு தெளிந்த சாற்றிலிருந்து இன்வர்ட்டேஸ் எடுக்கிறேன். நாலு இடத்தில் மாட்டிக்கொண்டேன். சூடாக்கும் படி முடிந்ததும் மொத்த ஆக்டிவிட்டி 130 சதவீதம் என்று வருகிறது. 70 சதவீத அமோனியம் சல்ஃபேட்டில் வீழ்ந்த படிவில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்டிவிட்டிகூட இல்லை. எஸ்.டி.எஸ். ஜெல்லில் 60 கிலோடால்ட்டனில் பட்டை வரும் என்று படித்தேன். மேலே மங்கலான இழுவல்தான் தெரிகிறது. கே.எம். 60 மில்லிமோலார் வருகிறது. எங்கும் 25 என்றுதான் போட்டிருக்கிறார்கள். எங்கே தப்பு?"

இந்த நாலில் இரண்டு, அதாவது அமோனியம் சல்ஃபேட்டும் ஜெல்லும் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் சோதனை), ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள். 130 சதவீதம், பாதி அளவீட்டுப் பிழை, பாதி நொதி செல் சுவரில் சிக்கியதால் வந்தது. நாலாவது, அதாவது கே.எம். (நொதி தன் உச்ச வேகத்தில் பாதியை எட்டும் சுக்ரோஸ் செறிவு), அளவீட்டுச் சிக்கல். அந்த ஒரே காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் தேடும் இன்வர்ட்டேஸ், அதாவது சுக்ரோஸை (சமையலறைச் சர்க்கரையை) குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைக்கும் நொதி, வெறும் புரதம் இல்லை. தன் எடையில் ஏறக்குறைய பாதி மானோஸ் சர்க்கரையாகவே இருக்கும் ஒரு புரதம். இது மனதில் நின்றுவிட்டால் எந்தப் படியில் நொதி கீழே வீழும், எதில் மேலே மிதந்து நிற்கும், ஜெல்லில் ஏன் தீற்றலாக ஓடும் என்பதெல்லாம் நீங்களே ஊகித்துவிடலாம்.

ஈஸ்ட் செல்லில் இன்வர்ட்டேஸ் இரண்டு வடிவத்தில் இருக்கிறது. இரண்டும் எஸ்யூசி2 என்ற ஒரே மரபணுவிலிருந்து வருகின்றன. ஒரு வடிவம் செல்லுக்கு உள்ளேயே தங்குகிறது. அதில் சர்க்கரை கிடையாது. இன்னொன்றின் தலையில் 19 அமினோ அமிலம் கொண்ட ஒரு முகவரிச் சீட்டு ஒட்டியிருக்கும். அது வெளியேறும் பாதையில் போகிறது, வழியில் அந்தச் சீட்டு வெட்டப்படுகிறது, மானோஸ் கிளைகள் ஏற்றப்படுகின்றன, கடைசியில் செல் சவ்வுக்கும் செல் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளியில் போய் உட்காருகிறது. 1968இல் காஸ்கோன், நியூமன், லாம்பன் ஆகியோர் இரண்டையும் தனித்தனியாகச் சுத்திகரித்து ஒப்பிட்டார்கள். உள்ளே இருப்பது சுமார் 1,35,000 டால்ட்டன், வெளியே இருப்பது சுமார் 2,70,000. இரண்டு வடிவத்திலும் புரதச் சங்கிலி ஒரே வகைதான், இரண்டுமே இரண்டு சங்கிலி சேர்ந்த ஜோடிதான். எடை இரட்டிப்பானது சர்க்கரையால். நல்ல நிலையில் வளர்ந்த ஈஸ்ட்டில் பெரும்பகுதி ஆக்டிவிட்டி இந்த வெளிவடிவத்தில்தான் இருக்கும். (செல்லுக்குள் சரக்கு எப்படி இடம்பெயர்கிறது என்று கண்டறிய 1979இல் நோவிக்கும் ஷெக்மனும் பயன்படுத்தியதும் இதே நொதியைத்தான்: வெளியே போக முடியாமல் உள்ளேயே இன்வர்ட்டேஸ் தேங்கும் ஈஸ்ட்டைத் தேடினார்கள். ஷெக்மனுக்கு 2013இல் நோபல் பரிசு கிடைத்தது அந்த வழியில் வந்த வேலைக்குத்தான்.)

சரி, வேலைக்கு வருவோம். நீங்கள் அரைப்பதிலிருந்து ஆரம்பித்திருக்கிறீர்கள். நான் அளவீட்டிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். நொதியைக் கண்ணால் பார்க்க முடியாது; அது செய்யும் வேலையை வைத்துத்தான் எந்தக் குழாயில் இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறோம். அந்த அளவீடு ஆடினால் மேலே கட்டுவது எல்லாம் ஆடும்.

நீங்கள் டி.என்.எஸ். (டைநைட்ரோசாலிசிலிக் அமிலம்) முறையில்தான் செய்திருப்பீர்கள். மஞ்சள் கரைசல், கொதிக்கும் தண்ணீரில் 5 நிமிடம், ரெட்யூசிங் சர்க்கரை (வேறு பொருளுக்கு எலக்ட்ரான் கொடுக்கக்கூடிய சர்க்கரை) இருந்தால் செங்காவி நிறம், 540 நானோமீட்டரில் ரீடிங். சுக்ரோஸ் ரெட்யூசிங் சர்க்கரை இல்லை. அது உடைந்து வரும் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ரெட்யூசிங் சர்க்கரைகள். அதனால்தான் இந்த முறை இன்வர்ட்டேஸுக்கு இவ்வளவு வாகாக இருக்கிறது. ஆனால் இதில் மூன்று குழி உண்டு.

முதல் குழி, ஒரு சுக்ரோஸ் உடைந்தால் இரண்டு ரெட்யூசிங் சர்க்கரை. குளுக்கோஸ் ஸ்டாண்டர்டு வைத்துக் கணக்குப் போட்டால் வரும் மைக்ரோமோலை இரண்டால் வகுக்க வேண்டும். இன்னும் நல்லது, குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் சம மோல் கலந்த கரைசலையே ஸ்டாண்டர்டாக வைப்பது. இதை மறந்தால் யூனிட் (நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல் சுக்ரோஸை உடைக்கும் நொதியின் அளவு) இரட்டிப்பாகும். கே.எம். மட்டும் மாறாது, ஏனென்றால் எல்லாப் புள்ளியும் ஒரே மடங்கில் உயர்கிறது.

இரண்டாவது குழி பிளாங்க். ஈஸ்ட் சாற்றில் ஏற்கெனவே ரெட்யூசிங் சர்க்கரை இருக்கும். அதோடு, நீங்கள் வாங்கிய பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பல இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டில் அஸ்கார்பிக் அமிலம் சேர்க்கப்பட்டிருக்கும். அதுவும் டி.என்.எஸ்.ஸை நிறம் மாற்றும். ஆகவே தண்ணீர் பிளாங்க் போதாது. ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு பூஜ்ய நேரக் குழாய் வேண்டும்: சுக்ரோஸும் பஃபரும் இருக்கும் குழாயில் முதலில் டி.என்.எஸ்., அப்புறம் நொதி. டி.என்.எஸ். கரைசலின் காரம் நொதியை அந்த நொடியே நிறுத்திவிடும். அந்தக் குழாய் காட்டும் நிறம் சாற்றின் சொந்தச் சர்க்கரை. அதைக் கழித்து வருவதுதான் நொதியின் வேலை.

மூன்றாவது, அமோனியம் சல்ஃபேட். அது இருக்கும் மாதிரியில் டி.என்.எஸ். ஊற்றிக் கொதிக்கவிட்டால் காரத்தால் அம்மோனியா கிளம்பும். மூக்கில் ஏறும் அந்த நெடிதான் எச்சரிக்கை: காரம் செலவாகிறது, நிறம் குறைவாக வரும். உப்பு உள்ள மாதிரியை டயாலிசிஸ் (சவ்வுப் பையில் கட்டிப் பஃபரில் ஊறவிட்டு உப்பை வெளியேற்றுவது) செய்த பிறகோ, நூறு மடங்கு நீர்த்த பிறகோதான் அளக்க வேண்டும்.

இப்போது உங்கள் 130 சதவீதத்துக்கு விடை பாதி கிடைத்துவிட்டது. 50 டிகிரியில் அரை மணி நேரம் வைக்கும்போது சாற்றில் உள்ள மற்ற நொதிகள் டிரெஹலோஸ், கிளைக்கோஜன் போன்றவற்றைத் தொடர்ந்து உடைக்கின்றன. பின்னணிச் சர்க்கரை ஏறுகிறது. பூஜ்ய நேரக் குழாய் வைக்காவிட்டால் அதுவும் இன்வர்ட்டேஸ் கணக்கில் சேரும். மீதிப் பாதி, நீங்கள் 100 என்று வைத்ததே முழு 100 இல்லை என்பது. வெளிவடிவம் செல் சுவருக்குள் சிக்கி இருக்கிறது. மணலில் அரைத்துச் சுற்றினால் சுவர்த் துண்டுகளோடு நிறைய நொதி கீழே போய்விடும், அதை நீங்கள் அளக்கவே இல்லை. சாற்றில் கலங்கலாக மிதந்த துண்டுகளில் இருந்தது மட்டும் சூட்டில் மெல்லக் கழன்று வந்து கூடுதலாகத் தெரிகிறது.

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். அரைக்காத ஈஸ்ட்டை, கழுவி, பஃபரில் கலக்கி, அந்தக் கலங்கலையே நொதியாக வைத்து அளங்கள். ஆக்டிவிட்டி வரும்! செல்லை உடைக்காமலேயே வரும், ஏனென்றால் சுக்ரோஸ் செல் சுவரைக் கடந்து உள்ளே போகும், நொதி அந்த இடைவெளியில்தான் காத்திருக்கிறது. வந்த குளுக்கோஸை உயிருள்ள செல்கள் தின்றுவிடும் என்பதால் 5 நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். இந்த எண்ணோடு உங்கள் சாற்றின் எண்ணை ஒப்பிட்டால் எவ்வளவு நொதியைச் சக்கையில் விட்டீர்கள் என்று தெரியும்.

அரைப்பதைவிட ஆட்டோலிசிஸ், அதாவது செல் தன்னைத் தானே செரித்துக்கொள்ள விடுவது, இந்த நொதிக்கு நல்லது என்பது என் கருத்து. உலர் ஈஸ்ட்டை 0.1 மோலார் சோடியம் பைகார்பனேட்டில் கலக்கி, 37 முதல் 40 டிகிரியில் ஓர் இரவு, முடிந்தால் 24 மணி நேரம், மெதுவாகக் கலக்கியபடி வையுங்கள். டொலுவீன் ஊற்றும் பழைய முறை வேகமானது. ஆனால் ஃப்யூம் ஹூட் சரியாக வேலை செய்யாத லேபில் அதைத் தொடாதீர்கள். காலையில் வந்து திறந்தால் மாவு புளித்த வாசம் போய், இறைச்சி வெந்த சாறு மாதிரி கனமான வாசம் வரும். கெட்டியாக இருந்த கலவை நீர்த்து ஓடும். செல்லின் வாக்குவோலில் இருந்த புரோட்டியேஸ்கள் வெளியே வந்து மற்ற புரதங்களை வெட்டித் தள்ளியிருக்கின்றன என்று அர்த்தம். இன்வர்ட்டேஸுக்கு மட்டும் சர்க்கரைப் போர்வை இருக்கிறது. புரோட்டியேஸின் பல் அதில் எளிதில் பதியாது. ஆக, சாறு எடுக்கும் படியே ஒரு சுத்திகரிப்புப் படியாகிவிடுகிறது. உள்வடிவம் இதில் பெருமளவு போய்விடலாம். உங்களுக்கு வேண்டியது வெளிவடிவம் என்றால் அது நஷ்டமில்லை.

ஈஸ்ட்டைப் பற்றி இன்னொன்று. குளுக்கோஸ் தாராளமாகக் கிடைத்தால் ஈஸ்ட் இந்த மரபணுவை அடக்கிவைத்துவிடும். 2 சதவீத குளுக்கோஸில் நீங்களே வளர்த்த ஈஸ்ட்டில் வெளிவடிவம் மிகக் குறைவாக இருக்கும், 0.1 சதவீதம்போல் கொஞ்சமாகக் குளுக்கோஸ் இருந்தால்தான் நிறையச் சுரக்கும். பேக்கரி ஈஸ்ட் தொழிற்சாலையில் மொலாசஸைச் சொட்டுச் சொட்டாக ஊட்டித்தான் வளர்க்கிறார்கள், சர்க்கரை மிகுந்தால் செல் பெருகாமல் ஆல்கஹால் ஆகிவிடும் என்பதற்காக. அதனால் கடை ஈஸ்ட் இன்வர்ட்டேஸ் எடுக்க நல்ல சரக்குதான். அதை மாற்ற வேண்டாம்.

அடுத்து சூடாக்கும் படி. பி.எச். 5க்குக் கொண்டுவந்து, 50 டிகிரியில் அரை மணி நேரம், உடனே ஐஸில். பால் திரிந்ததுபோல் மற்ற புரதங்கள் திரண்டு நிற்கும். சுற்றினால் தெளிந்த பொன்னிற நீர் மேலே வரும். 60ஐத் தாண்டவிடாதீர்கள். வாட்டர் பாத் காட்டும் எண்ணை நம்பாமல் சாற்றுக்குள்ளேயே தெர்மாமீட்டரை வையுங்கள்; பெரிய பீக்கரில் ஓரத்துக்கும் நடுவுக்கும் சில டிகிரி வித்தியாசம் இருக்கும். இந்த நொதிக்கும் சூட்டுக்கும் உள்ள உறவு வரலாற்றில் ஒரு முக்கியமான இடம் பெற்றது. பர்ட்டன் நகரத்து மதுபான ஆலையில் வேதியியலாளராக இருந்த கார்னீலியஸ் ஓ'சல்லிவன், டாம்ப்சனோடு சேர்ந்து 1890இல் எழுதினார்: கரும்புச் சர்க்கரை கூட இருந்தால் இன்வர்ட்டேஸ் 25 டிகிரி கூடுதல் வெப்பத்தைத் தாங்குகிறது. நொதியும் அது பிடிக்கும் பொருளும் ஒன்றோடொன்று சேர்ந்து நிற்கின்றன என்பதற்குக் கிடைத்த முதல் தடயங்களில் அது ஒன்று. அதற்காக நீங்கள் சூடாக்கும்போது சுக்ரோஸ் சேர்த்துவிடாதீர்கள். அது முழுவதும் உடைந்து உங்கள் பிளாங்க்கை நாசமாக்கும்.

இப்போது அமோனியம் சல்ஃபேட். உங்கள் இரண்டாவது சிக்கல். உப்பு மிகும்போது புரதங்கள் வீழ்வது ஏன்? தண்ணீரை உப்பு தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் புரதத்தின் நீர்வெறுப்புப் பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் உடம்பெல்லாம் மானோஸ் கிளைகள் உள்ள புரதம் அவ்வளவு எளிதில் தண்ணீரை விட்டுக்கொடுக்காது. 70 சதவீதத்தில், அதாவது 0 டிகிரியில் லிட்டருக்கு 436 கிராம் போட்ட பிறகும், வெளிவடிவம் கரைந்தே நிற்கும். சர்க்கரை இல்லாத உள்வடிவமும் மற்ற புரதங்களில் பெரும்பகுதியும் வீழ்ந்துவிடும். ஆக, உங்கள் நொதி தொலையவில்லை, மேல்நீரில் இருந்தது. அதை என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லை. சிங்க்கில் ஊற்றியிருந்தால், அதே தவற்றைப் படிக்கும் காலத்தில் நானும் செய்து ஒரு வாரத்து வேலையை இழந்திருக்கிறேன். அன்றிலிருந்து எந்தப் படியிலும் படிவு, மேல்நீர் இரண்டையும் அளந்து, இரண்டின் கூட்டுத்தொகை முந்தைய படியின் மொத்தத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகும்வரை எதையும் கொட்டுவதில்லை.

எனவே 70 சதவீதப் படிவை ஒதுக்குங்கள், மேல்நீரை எடுங்கள். உப்பைப் பொடித்து, ஐஸில் வைத்த பீக்கரில், நுரை வராத வேகத்தில் கலக்கிக்கொண்டே சிறிது சிறிதாகப் போடுங்கள். அப்புறம் டயாலிசிஸ். பையில் மூன்றில் ஒரு பங்கு இடம் காலியாக விடுங்கள். இவ்வளவு உப்புள்ள திரவம் தண்ணீரை உறிஞ்சிப் பை கல்லாக உப்பும், நிரப்பிக் கட்டினால் வெடிக்கும். குறைந்தது மூன்று முறை பஃபர் மாற்ற வேண்டும். உப்போடு பின்னணிச் சர்க்கரையும் போய்விடும், அதனால் இந்தப் படிக்குப் பிறகுதான் உங்கள் டி.என்.எஸ். எண்கள் முதல்முறையாகச் சுத்தமாக இருக்கும்.

எத்தனால் ஊற்றி வீழ்த்தலாமே என்று சிலர் சொல்வார்கள். 1860இல் பெர்த்தெலோ ஈஸ்ட்டிலிருந்து இதைப் பிரித்ததே ஆல்கஹாலில் வீழ்த்தித்தான். வீழும், ஆனால் ஈஸ்ட் சுவரிலிருந்து வந்த வெறும் மானான் சர்க்கரையும் கூடவே வீழ்ந்து கோந்து மாதிரி ஒட்டும். கான்கனாவலின்-ஏ நிரப்பிய காலம் (column, சாற்றை ஊற்றிப் புரதங்களைப் பிரிக்கும் குழாய்) வைத்தாலும் இதே குறை: அது மானோஸைப் பிடிக்கும், ஆகவே இன்வர்ட்டேஸை மட்டுமல்ல, சுவரின் எல்லா மானோபுரதங்களையும் பிடிக்கும். விலையும் அதிகம். புரதங்களை அவற்றின் மின்னூட்டத்தை வைத்துப் பிரிக்கும் டி.இ.ஏ.இ. காலம் ஒன்று உங்களுக்குப் போதும்.

20 மில்லிமோலார் டிரிஸ், பி.எச். 7.4இல் ஏற்றி, அதே பஃபரால் நன்றாகக் கழுவி, சோடியம் குளோரைடை 0 முதல் 0.3 மோலார்வரை சீராகக் கூட்டிக்கொண்டே போய், ஒட்டிய நொதியைக் கழற்றி இறக்குங்கள். குழாய் குழாயாகப் பிடித்தால் அறுபது எழுபது ஃப்ராக்‌ஷன் வரும். எல்லாவற்றுக்கும் டி.என்.எஸ். கொதிக்கவைத்தால் ஒரு நாள் போய்விடும். இதற்கு ஒரு குறுக்கு வழி. மருந்துக்கடையில் கிடைக்கும் சிறுநீர்ச் சர்க்கரைப் பட்டை குளுக்கோஸை மட்டும் காட்டும், சுக்ரோஸைக் கண்டுகொள்ளாது. 96 குழிப் பிளேட்டில் ஒவ்வொரு ஃப்ராக்‌ஷனிலிருந்தும் ஒரு சொட்டு, அதன்மேல் அசிட்டேட் பஃபரில் கரைத்த சுக்ரோஸ் இரண்டு சொட்டு, 10 நிமிடம் கழித்துப் பட்டையின் நுனியைக் கத்தரித்து முக்குங்கள். எந்தக் குழியில் நிறம் மாறத் தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணாலேயே தெரியும். அந்த வரம்புக்குள் உள்ளவற்றை மட்டும் முறையாக அளந்தால் போதும்.

கணக்கு அட்டவணையை எப்படிப் படிப்பது என்று காட்ட, நானே வைத்த சில எண்கள். இவை யாருடைய முடிவும் அல்ல. முதல் சாறு 100 மில்லி, மில்லிக்கு 20 யூனிட், 8 மில்லிகிராம் புரதம். மொத்தம் 2000 யூனிட், 800 மில்லிகிராம், மில்லிகிராமுக்கு 2.5 யூனிட். இதுதான் ஸ்பெசிஃபிக் ஆக்டிவிட்டி. டி.இ.ஏ.இ. காலத்தில் (column) பிரித்த பிறகு 15 மில்லி, மில்லிக்கு 80 யூனிட், 0.15 மில்லிகிராம். மொத்தம் 1200 யூனிட், 2.25 மில்லிகிராம், மில்லிகிராமுக்கு 533. அதாவது 60 சதவீதம் கையில் நின்றது, 213 மடங்கு சுத்தமானது. இதில் யூனிட்டைவிடப் புரத எண்ணைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன். புரதம் அளக்கும் பிராட்ஃபோர்டு சாயம் சர்க்கரை போர்த்திய புரதத்தில் சரியாக ஒட்டாமல் குறைத்துக் காட்டலாம். குறைத்துக் காட்டினால் உங்கள் ஸ்பெசிஃபிக் ஆக்டிவிட்டி பொய்யாக உயரும். லவ்ரி முறையிலும் ஒருமுறை அளந்து, இரண்டு எண்ணையும் ரிப்போர்ட்டில் போடுங்கள்.

இனி ஜெல். 60 கிலோடால்ட்டன் என்று நீங்கள் படித்தது சர்க்கரை இல்லாத சங்கிலியின் எடை. அந்தச் சங்கிலியில் சர்க்கரை ஏறக்கூடிய இடம் 14 உண்டு. எல்லா மூலக்கூறிலும் எல்லா இடமும் நிரம்புவதில்லை, நிரம்பிய இடத்திலும் கிளை ஒரே நீளமாக இருப்பதில்லை. ஒவ்வொரு மூலக்கூறும் கொஞ்சம் வேறு எடை. அதனால்தான் கூர்மையான பட்டை வராமல், 100க்கு மேலே தொடங்கும் தீற்றல் வருகிறது. கூமாஸி சாயமும் அதில் மங்கலாகத்தான் ஏறும். ஆக, நீங்கள் பார்த்த இழுவல்தான் இன்வர்ட்டேஸாக இருக்க வாய்ப்பு அதிகம். அதை நிரூபிக்க இரண்டு வழி. எண்டோ-எச் என்ற நொதியால் சர்க்கரையைக் கத்தரித்து மறுபடி ஓட்டுங்கள்: தீற்றல் மறைந்து 60 பக்கம் பட்டை இறங்கினால் வழக்கு முடிந்தது.

இரண்டாவது வழி மலிவானது, அதோடு எனக்கு மிகவும் பிடித்தது. எஸ்.டி.எஸ். இல்லாத நேட்டிவ் ஜெல் ஓட்டி, அசிட்டேட் பஃபரில் கரைத்த 0.1 மோலார் சுக்ரோஸில் 37 டிகிரியில் 20 நிமிடம் ஊறவிடுங்கள். நொதி இருக்கும் இடத்தில் மட்டும் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஜெல்லுக்குள் சேரும். தண்ணீரில் ஒரே அலசு, அதிகம் அலசினால் சர்க்கரை கரைந்து போய்விடும். பிறகு 0.5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்த 0.1 சதவீத டி.டி.சி. (ரெட்யூசிங் சர்க்கரை பட்டால் சிவக்கும் டெட்ரசோலியம் உப்பு) ஊற்றிக் கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே சூடாக்குங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில், நிறமே இல்லாத ஜெல்லில் குங்குமம் தீற்றியதுபோல் சிவப்பு எழும். பின்னணி சிவக்கத் தொடங்குவதற்குள் எடுத்து அசிட்டிக் அமிலத்தில் போட்டுவிட வேண்டும். ஆட்டோலிசிஸ் செய்யாமல் அரைத்த சாற்றை ஓட்டினால் மெதுவாக நகர்ந்த அகலத் தீற்றல் ஒன்றும், வேகமாக ஓடிய மெல்லிய பட்டை ஒன்றும் தெரியலாம்: முதலாவது வெளிவடிவம், இரண்டாவது உள்வடிவம். ஒரு மரபணுவின் இரண்டு முகத்தை ஒரே ஜெல்லில் கண்ணால் காண்பது சின்ன விஷயம் இல்லை. அந்தப் படத்தை உங்கள் தீசிஸில் கட்டாயம் போடுங்கள்.

மூலக்கூறு எடைக்கு ஜெல் ஃபில்ட்ரேஷன் (பருமனை வைத்துப் பிரிப்பது) செய்தாலும் இதே எச்சரிக்கை. சர்க்கரைக் கிளைகள் விரிந்து நிற்பதால் அதே எடையுள்ள சாதாரணப் புரதத்தைவிடப் பருமனாக நடந்துகொள்ளும், எடையைக் கூட்டிக் காட்டும்.

கடைசியாகக் கே.எம். இந்த எண் பிறந்ததே இந்த நொதியில்தான். பெர்லினில் அம் உர்பன் மருத்துவமனையில் லியோனார் மைக்கேலிஸும், கனடாவிலிருந்து வந்த மருத்துவர் மோட் மென்டனும் 1913இல் ஈஸ்ட் இன்வர்ட்டேஸை வைத்துத்தான் தங்கள் சமன்பாட்டை நிறுவினார்கள். அதற்குப் பத்தாண்டு முன்பே, 1903இல், விக்டர் ஆன்ரி ஏறக்குறைய அதே சமன்பாட்டை எழுதியிருந்தார். பிறகு ஏன் இவர்கள் பெயர்? அளந்த விதத்தால். சுக்ரோஸ் கரைசல் ஒளியை வலப்பக்கம் திருப்பும், உடைந்த கலவை இடப்பக்கம் திருப்பும்; அந்தத் தலைகீழ் மாற்றம்தான் 'இன்வர்ட்' என்ற பெயரே. ஆனால் புதிதாக விடுபட்ட குளுக்கோஸின் திருப்பம் சிறிது நேரத்துக்கு மாறிக்கொண்டே இருக்கும். அவர்கள் காரம் சேர்த்து நொதியை நிறுத்தி, அந்த மாற்றத்தையும் முடியவிட்டு, அப்புறம் அளந்தார்கள். பஃபர் போட்டு பி.எச்.சைப் பிடித்து நிறுத்தினார்கள், பி.எச். என்ற அளவுகோலையே சோரன்சன் 1909இல்தான் கொண்டுவந்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, வினையின் ஆரம்ப வேகத்தை மட்டும் எடுத்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது 16.7 மில்லிமோலார்.

உங்களுடைய 60 எங்கிருந்து வந்தது? ஆரம்ப வேகத்திலிருந்து வராததால் வந்தது என்பது என் கணிப்பு. ஒரு மில்லி வினைக் கலவையில் 5 மில்லிமோலார் சுக்ரோஸ் என்றால் குழாயில் இருப்பதே 5 மைக்ரோமோல்தான். உச்ச வேகம் நிமிடத்துக்கு 2 மைக்ரோமோல் வருமளவு நொதி போட்டிருந்தால், கே.எம். 25 என்று வைத்துக்கொண்டாலும் அந்தக் குழாயில் வேகம் 0.33. பத்து நிமிடத்துக்கு 3.3 மைக்ரோமோல் உடைய வேண்டும், ஆனால் சர்க்கரை தீர்ந்துகொண்டே வருவதால் பாதியில் வேகம் சோர்ந்துவிடும். 100 மில்லிமோலார் குழாயில் இந்தச் சோர்வு தெரியாது, சரக்கு ஏராளம். ஆக, குறைந்த செறிவுப் புள்ளிகள் மட்டும் தாழ்ந்து, கே.எம். பெரிதாகத் தோன்றும். நொதியைப் பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள்: அதே குழாயில் பத்து நிமிடத்தில் 0.33 மைக்ரோமோல், 7 சதவீதம்கூட இல்லை. 10 சதவீதத்துக்குள் இருந்தால் ஆரம்ப வேகம் என்று ஏற்கலாம். நீர்த்த நொதி குழாய்ச் சுவரில் ஒட்டி ஆக்டிவிட்டி குறையாமலிருக்க பஃபரில் கொஞ்சம் பி.எஸ்.ஏ. (மாட்டு ரத்தத்திலிருந்து எடுத்த ஆல்புமின் புரதம்) சேருங்கள்.

இவ்வளவு குறைந்த சர்க்கரையை டி.என்.எஸ். சரியாகப் பிடிக்காது. குறைந்த செறிவுகளுக்கு, ரத்தச் சர்க்கரை பார்க்கும் ஜி.ஓ.டி.-பி.ஓ.டி. கிட் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கிளினிக்கல் லேபிலும் இருக்கும். குளுக்கோஸை மட்டும் அளப்பதால் இரண்டால் வகுக்க வேண்டியதில்லை. ஆனால் கிட்டை ஊற்றும் முன் குழாயைக் கொதிநீரில் 5 நிமிடம் வைத்து இன்வர்ட்டேஸைக் கொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கிட்டுக்குள்ளேயே வினை தொடரும்.

சுக்ரோஸ் 5 முதல் 150 மில்லிமோலார்வரை எட்டுப் புள்ளி எடுங்கள். அதற்கு மேலே ஏறினால் வேகம் கூடாமல் இறங்கத் தொடங்கும்: சர்க்கரை மிகுந்தால் நொதியே தடைபடுகிறது, ஃப்ரக்டோஸைத் தண்ணீருக்குக் கொடுக்காமல் இன்னொரு சுக்ரோஸின் தலையில் வைத்து மூன்று சர்க்கரைச் சங்கிலியாக்கும் வேலையும் நடக்கிறது. லைன்வீவர்–பர்க் கோடு (வேகம், செறிவு இரண்டின் தலைகீழிகளை வைத்து வரையும் நேர்கோடு) வரைந்து காட்டலாம், ஆனால் எண்ணை அதிலிருந்து எடுக்காதீர்கள். அது மிகக் குறைந்த செறிவுப் புள்ளிக்கு, அதாவது பிழை அதிகமுள்ள புள்ளிக்கு, அதிக எடை கொடுத்துவிடும். கணினியில் நேரடியாக வளைகோட்டையே பொருத்துங்கள்.

பி.எச்., வெப்பநிலை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பி.எச். 4.5 அருகே உச்சம், 55 டிகிரி அருகே உச்சம் என்று வரும். ஒரு திருத்தம் மட்டும்: 55 என்பது நொதியின் நிரந்தரக் குணம் இல்லை, நீங்கள் வைத்த நேரத்தைப் பொறுத்தது. 5 நிமிடத்துக்கு வைத்தால் உச்சம் மேலே போகும், ஒரு மணி நேரம் வைத்தால் கீழே இறங்கும். எத்தனை நிமிடம் என்று எழுதாமல் அந்த எண்ணைத் தராதீர்கள். மெர்க்குரிக் குளோரைடால் தடுப்புச் சோதனை செய்யச் சொல்லும் பழைய கையேடுகள் உண்டு. நொதி அதில் நிற்கும் என்பது தெரிந்ததே, அதற்காக சிங்க்கில் பாதரசம் போக வேண்டியதில்லை.

அதற்குப் பதிலாக ராஃபினோஸ் வைத்து ஒரு சோதனை செய்யுங்கள். ஈஸ்ட்டில் மால்ட்டேஸ் என்று இன்னொரு நொதி உண்டு, அதுவும் சுக்ரோஸை உடைக்கும், ஆனால் குளுக்கோஸ் பக்கத்திலிருந்து பிடித்து. இன்வர்ட்டேஸ் ஃப்ரக்டோஸ் பக்கத்தைப் பிடிக்கும். ராஃபினோஸில் ஃப்ரக்டோஸ் பக்கம் திறந்திருக்கிறது, குளுக்கோஸ் பக்கம் கேலக்டோஸால் மூடியிருக்கிறது. உங்கள் கடைசி ஃப்ராக்‌ஷன் ராஃபினோஸை உடைத்து, மால்ட்டோஸைத் தொடாமல் விட்டால், குழாயில் இருப்பது இன்வர்ட்டேஸ்தான். மால்ட்டோஸ் தானே ரெட்யூசிங் சர்க்கரை என்பதால் அந்தக் குழாய்க்கு டி.என்.எஸ். ஆகாது, குளுக்கோஸ் கிட்டையே வையுங்கள். முதல் சாற்றையும் பக்கத்தில் வைத்து அளந்தால், எந்தப் படியில் மால்ட்டேஸ் விழுந்தது என்பதும் தெரிந்துவிடும். அதற்காகவே ஒவ்வொரு படியிலும் அரை மில்லி எடுத்து, படியின் பெயரும் தேதியும் எழுதி, ஃப்ரீசரில் வைத்துக்கொண்டே வாருங்கள். உங்கள் கைட் எந்தச் சந்தேகம் கேட்டாலும் அந்தக் குழாய்களிலிருந்து ஒரே மதியத்தில் அளந்து காட்டிவிடலாம்.